தபால்தலையில் சிவில் உரிமைப் போராளிகள்: அமெரிக்காவில் யாருக்கு இடம் கிடைக்கும்? யார் முடிவு செய்வது? முழு விவரம்

1964 நவம்பர் மாதம். அமெரிக்காவின் மயாமி நகரத்திலிருந்து மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஒரு பார்சல் தபாலில் அனுப்பப்படுகிறது. உள்ளே ஒரு ஒலிநாடா. கூடவே, அனுப்பியவர் பெயரே இல்லாத ஒரு மிரட்டல் கடிதம். தற்கொலை செய்துகொள்ளச் சொல்லித் தூண்டுவதாகவே கிங்கும் அவருடைய நண்பர்களும் அந்தக் கடிதத்தைப் புரிந்துகொண்டார்கள்.

அனுப்பியது யாரோ தெருச் சண்டைக்காரர் இல்லை. அந்நாட்டு அரசின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. இந்த உண்மை 1970-களின் நடுவில் நடந்த செனட் விசாரணையில்தான் வெளியே வந்தது.

இப்போ 1979 ஜனவரி 13-க்கு வாங்க. அதே கிங்கின் முகத்தை 15 சென்ட் தபால்தலையில் அச்சடித்து, அதே அமெரிக்க அரசின் தபால் துறை வெளியிடுகிறது. இடையில் போனது வெறும் 14 வருஷம் சொச்சம்தான்.

மிரட்டல் கடிதம் சுமந்து போன தபாலிலேயே மரியாதையும் வந்து சேர்ந்தது எப்படி? தபால்தலையில் யார் முகம் வரணும்னு யார் முடிவு பண்றாங்க? அதனால் என்ன பயன்? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்

• அமெரிக்கா தபால்தலை வெளியிடத் தொடங்கியது 1847-ல். அதில் முதல் கறுப்பினத்தவரின் முகம் வந்தது 1940-ல். இடைவெளி 93 ஆண்டுகள்.

• மார்ட்டின் லூதர் கிங்குக்கு அமெரிக்காவுக்கு முன்பே, 1969-லேயே தபால்தலை வெளியிட்ட நாடு இந்தியா.

• பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் பெயரைப் பரிந்துரைக்கலாம். ஆனால் அந்த நபர் இறந்து குறைந்தது 3 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும்.

• 2009-ல், மேடைக்குப் பின்னால் உழைத்த 12 சிவில் உரிமைப் பணியாளர்களுக்கு ஒரே நாளில் 6 தபால்தலைகள் வெளியாகின.

ஒரு சின்ன காகிதத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

வாட்ஸ்அப் காலத்தில் லெட்டர் எழுதுறவங்களே குறைவு. ஸ்டாம்ப்புக்கு இவ்வளவு பேச்சு தேவையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஒரு சிலையை ஊர்க்காரர்கள் காசு சேர்த்து வைக்கலாம். ஒரு தெருவுக்கு உள்ளாட்சி பெயர் வைக்கலாம். தபால்தலை அப்படி இல்லை. அதில் இருப்பது நாட்டின் பெயர். காசுத் தாளில் இருப்பது போலவே, அரசு தன் பொறுப்பில் அச்சடித்து வெளியிடும் ஒன்று அது. ஒருவரின் முகத்தை அதில் போட்டால், "இவர் எங்கள் நாட்டின் பெருமை" என்று அரசே ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

அதுவும் அது ஒரே ஊரில் நிற்பதில்லை. கிங்கை வெறுத்த ஊரின் தபால் ஆபீஸ் கவுன்ட்டரிலும் அதே ஸ்டாம்ப்தான் விற்கும். அவரைப் பிடிக்காதவர் வீட்டுக்கு வரும் கரன்ட் பில் உறையிலும் அவர் முகம் இருக்கலாம். சிவில் உரிமைப் போராளிகளை கைது செய்த, கண்காணித்த, காப்பாற்றத் தவறிய ஒரு அரசு, பிறகு அவர்கள் முகத்தையே தன் பெயரோடு அச்சடிப்பது சாதாரண விஷயம் இல்லை.

தபால் துறைக்கும் கறுப்பின மக்களுக்கும் என்ன பிரச்சனை?

இந்தக் கதையில் தபால் துறை வேடிக்கை பார்த்த மூன்றாவது ஆள் கிடையாது. பிரச்சனையின் நடுவிலேயே இருந்தது.

1802-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. சுதந்திரமான வெள்ளையர் மட்டுமே தபால் சுமந்து செல்லலாம் என்பது அந்தச் சட்டம். காரணம் என்ன தெரியுமா? தபாலோடு ஊர் ஊராகப் போகும் அடிமைகள் நாலு பேரைப் பார்ப்பார்கள், நாலு விஷயம் கேட்பார்கள், தங்கள் உரிமையைத் தெரிந்துகொண்டு ஒன்று சேர்ந்துவிடுவார்கள் என்ற பயம். அன்றைய போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் கிடியன் கிரேஞ்சர் இந்தக் கவலையை ஒரு செனட்டருக்குக் கடிதமாகவே எழுதினார். இந்தத் தடை நீங்கியது 1865-ல், உள்நாட்டுப் போர் முடியும் நேரத்தில்.

தடை போனது. ஆபத்து போகவில்லை.

1897-ல் தென் கரோலினா மாநிலத்தின் லேக் சிட்டி என்ற ஊருக்கு ஃப்ரேசியர் பேக்கர் என்ற கறுப்பின ஆசிரியர் போஸ்ட்மாஸ்டராக நியமிக்கப்பட்டார். ஊர் வெள்ளையர்கள் எதிர்த்தார்கள். 1898 பிப்ரவரி 22 அதிகாலையில், ஒரு கும்பல் அவர் வீட்டுக்குத் தீ வைத்தது. அந்த வீடுதான் தபால் நிலையமும். தப்பி வெளியே வர முயன்ற குடும்பத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பேக்கரும் அவருடைய கைக்குழந்தை ஜூலியாவும் கொல்லப்பட்டார்கள். மனைவியும் மற்ற பிள்ளைகளும் உயிர் தப்பினார்கள். வழக்கு நடந்தது, ஆனால் ஒருவருக்குக்கூட தண்டனை கிடைக்கவில்லை.

இந்தக் கொலைக்கு நியாயம் கேட்டு சிகாகோவிலிருந்து வாஷிங்டனுக்குப் போய் அதிபர் மெக்கின்லியை நேரில் சந்தித்தவர், ஐடா பி. வெல்ஸ் என்ற பெண் பத்திரிகையாளர். கும்பல் கொலைகளைப் பற்றி ஆதாரத்தோடு எழுதி, அதனால் தான் வாழ்ந்த ஊரான மெம்பிஸுக்கே திரும்ப முடியாமல் போனவர் அவர்.

1990 பிப்ரவரி 1-ல் ஐடா பி. வெல்ஸின் முகத்தோடு 25 சென்ட் தபால்தலை வெளியானது. கொல்லப்பட்ட தபால் ஊழியருக்காக அவர் வாதாடி 92 ஆண்டுகள் கழித்து. லேக் சிட்டி தபால் நிலையத்துக்கு ஃப்ரேசியர் பேக்கரின் பெயர் சூட்டப்பட்டது 2019-ல்.

இடையில் 1913-ல் அதிபர் உட்ரோ வில்சன் ஆட்சி வந்தபோது, தபால் துறை உள்ளிட்ட மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியாகப் பிரித்து வைக்கும் நடைமுறையும் வந்தது. இதெல்லாம் தெரிந்தால்தான், அந்தத் துறையே அச்சடிக்கும் ஒரு ஸ்டாம்ப்புக்கு என்ன எடை என்பது புரியும்.

முதல் கறுப்பின முகம் எப்போது வந்தது?

1940 ஏப்ரல் 7. கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனின் 10 சென்ட் தபால்தலை, அவர் கட்டியெழுப்பிய டஸ்கெகீ கல்வி நிறுவனத்தில் வெளியிடப்பட்டது. அடிமையாகப் பிறந்து பிறகு வங்கியாளராக உயர்ந்த ரிச்சர்ட் ராபர்ட் ரைட் போன்றவர்கள் பல ஆண்டுகள் விடாமல் கேட்டதால்தான் அது நடந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அதற்கு 3 ஆண்டுகள் முன்பு, 1937-ல், அடிமை முறையைக் காக்கப் பிரிந்து போன தென் மாநிலங்களின் தளபதிகள் ராபர்ட் ஈ. லீ, ஸ்டோன்வால் ஜாக்சன் இருவருக்கும் தபால்தலை வந்துவிட்டது. அதாவது, அமெரிக்காவை எதிர்த்துப் போரிட்டவர்களுக்கு முதல் கறுப்பினத்தவருக்கு முன்பே இடம் கிடைத்தது.

1970-ல் இன்னொரு தடவையும் இது நடந்தது. ஜார்ஜியாவில் உள்ள ஸ்டோன் மவுண்டன் பாறைச் சிற்பத்துக்காக ஒரு 6 சென்ட் தபால்தலை வெளியானது. அந்தச் சிற்பத்தில் இருப்பது தென் தரப்பின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ், கூடவே லீ, ஜாக்சன். கிங் கொல்லப்பட்டு அப்போது 2 ஆண்டுகள்தான் ஆகியிருந்தது. அதே ஜார்ஜியாதான் கிங்கின் சொந்த மாநிலம்.

நிலைமை மாறத் தொடங்கியது 1978-ல். 'பிளாக் ஹெரிடேஜ்' என்ற பெயரில், கறுப்பினப் பாரம்பரியத்துக்காக ஆண்டுதோறும் வரும் தபால்தலை வரிசை அப்போதுதான் தொடங்கியது. முதலில் வந்தவர் ஹேரியட் டப்மன். அடிமையாக இருந்து தப்பித்து, பிறகு திரும்பத் திரும்ப உள்ளே போய் மற்றவர்களையும் மீட்டு வந்த பெண். அமெரிக்க தபால்தலையில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணும் அவரே. அடுத்த ஆண்டு கிங் வந்தார்.

இந்தியா எப்படி முந்தியது?

கிங் சுட்டுக் கொல்லப்பட்டது 1968 ஏப்ரல் 4. இந்தியத் தபால் துறை அவருக்கு 20 பைசா தபால்தலை வெளியிட்டது 1969 ஜனவரி 25. பத்து மாசம்கூட ஆகலை.

இதற்குப் பின்னணி இருக்கு. 1959-ல் கிங், மனைவி கொரெட்டாவோடு ஒரு மாதம் இந்தியாவில் சுற்றினார். காந்தியின் வழியை நேரில் தெரிந்துகொள்ள வந்த பயணம் அது. டெல்லியில் தொடங்கி, தெற்கே கன்னியாகுமரி வரைக்கும் வந்து போனார்கள். காந்தி நூற்றாண்டு கொண்டாட்டங்களுக்கு நாடு தயாராகிக்கொண்டிருந்த 1969-ல், காந்தி வழியில் நடந்து உயிரை விட்ட கிங்குக்கு இந்தியா மரியாதை செய்தது.

அமெரிக்காவுக்கு 10 ஆண்டுகள் கூடுதலாக ஆனதற்கு ஒரு விதியும் காரணம். ஒருவர் இறந்து 10 ஆண்டுகள் ஆன பிறகே தபால்தலை என்பது அப்போதைய விதி. முன்னாள் அதிபர்களுக்கு மட்டும் விலக்கு.

இப்போது யார் தேர்வு செய்கிறார்கள்? விதிகள் என்ன?

அமெரிக்காவில் இதற்கென்று 'குடிமக்கள் தபால்தலை ஆலோசனைக் குழு' என்ற ஒரு குழு 1957 முதல் இருக்கிறது. நடைமுறை இதுதான்:

• யார் பரிந்துரைக்கலாம்? யார் வேண்டுமானாலும். பள்ளி மாணவர்கூட எழுதலாம். ஆனால் தபாலில்தான் அனுப்ப வேண்டும்.

• எவ்வளவு முன்னாடி? வெளியாக வேண்டிய தேதிக்குக் குறைந்தது 3 ஆண்டுகள் முன்பே அனுப்பச் சொல்கிறார்கள். ஆய்வு, ஓவியம், அச்சு எல்லாத்துக்கும் நேரம் வேணுமே.

• யாருக்குக் கிடைக்கும்? அமெரிக்காவோடு தொடர்புள்ள நபர், நாட்டு வாழ்வில் பெரிய தாக்கம் ஏற்படுத்தியவர். இறந்து 3 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். முன்பு 10 ஆண்டாக இருந்தது, பிறகு 5 ஆண்டானது, இப்போது 3.

• யார் முடிவு செய்வது? குழு பரிந்துரை மட்டுமே செய்யும். கடைசி முடிவு போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் கையில்.

ஒவ்வொரு ஆண்டும் ஆயிரக்கணக்கில் பரிந்துரைகள் குவிகின்றன. அதிலிருந்து தேர்வாவது சில டஜன் தலைப்புகள்தான். அதனால், "என் தலைவருக்கு ஏன் இல்லை?" என்ற மனக்குறை அங்கேயும் உண்டு.

3 ஆண்டு விதிக்கு ஒரு நல்ல உதாரணம் ஜான் லூயிஸ். 1965 மார்ச் 7-ல் செல்மா நகரப் பாலத்தில் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்தவர். பிறகு 30 ஆண்டுகளுக்கு மேல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 2020 ஜூலை 17-ல் காலமானார். அவர் தபால்தலை வெளியானது 2023 ஜூலை 21. மூணு வருஷம், நாலு நாள்.

மேடைக்குப் பின்னால் நின்றவர்களுக்கு?

கிங் பெயர் எல்லாருக்கும் தெரியும். ரோசா பார்க்ஸ் பெயரும் தெரியும். ஆனால் ஒரு இயக்கம் இரண்டு பேரால் நடப்பதில்லை. வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொன்னவர்கள், வழக்கு நடத்தியவர்கள், கொலைகளை விசாரித்தவர்கள், கூட்டம் கூட்டியவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் அது நடந்தது. இவர்களைத்தான் சிவில் உரிமைப் பணியாளர்கள் என்று சொல்கிறோம்.

என்.ஏ.ஏ.சி.பி என்ற அமைப்பு, அதாவது கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கம், 1909-ல் தொடங்கியது. அதன் நூற்றாண்டையொட்டி 2009 பிப்ரவரி 21-ல் நியூயார்க்கில் 6 தபால்தலைகள் வெளியாகின. ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். மொத்தம் 12 பேர். விலை 42 சென்ட்.

அதில் சிலரைப் பார்ப்போம்.

ஃபேனி லூ ஹேமர்: மிசிசிப்பியில் பருத்தி வயலில் வேலை பார்த்தவர். 1962-ல் வாக்காளராகப் பதிவு செய்யப் போனார். அந்த ஒரே காரணத்துக்காக, 18 ஆண்டுகள் வேலை பார்த்த பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1963-ல் வினோனா ஊர் சிறையில் கொடூரமாகத் தாக்கப்பட்டார். அந்தப் பாதிப்பு கடைசி வரை அவர் உடம்பில் இருந்தது. 1964-ல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அதையெல்லாம் தொலைக்காட்சி கேமரா முன் சொன்னார்.

மெட்கர் எவர்ஸ்: இரண்டாம் உலகப் போரில் நாட்டுக்காகப் போனவர். ஊர் திரும்பியபோது ஓட்டுப் போட விடவில்லை. 1963 ஜூன் 12-ல் சொந்த வீட்டு வாசலில் சுடப்பட்டு இறந்தார். கொலையாளிக்குத் தண்டனை கிடைத்தது 1994-ல். 31 ஆண்டுகள் கழித்து. ஹேமரும் எவர்ஸும் ஒரே தபால்தலையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

எல்லா பேக்கர்: மேடையில் பேசுவதைவிட, ஆட்களைத் தயார் செய்வதை முக்கியமாக நினைத்தவர். 1960-ல் மாணவர்களை ஒன்று கூட்டி அவர்களுக்கென்றே தனி அமைப்பு உருவாகக் காரணமாக இருந்தார். ஜான் லூயிஸ் பிறகு தலைமை தாங்கியது அந்த மாணவர் அமைப்புக்குத்தான்.

வால்டர் வைட்: பார்க்க வெள்ளையர் மாதிரி தோற்றம், நீலக் கண்கள். அதைப் பயன்படுத்தி, கும்பல் கொலை நடந்த ஊர்களுக்குள் வெள்ளையர் போலவே போய் விவரம் சேகரித்து வந்தார். மாட்டியிருந்தால் உயிர் மிஞ்சியிருக்காது.

சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன்: வழக்கறிஞர், சட்டப் பேராசிரியர். பள்ளிகளில் நிறப் பிரிவினையை உடைத்த 1954 தீர்ப்புக்கு அடித்தளம் போட்டவர். ஆனால் அந்தத் தீர்ப்பைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1950-ல் இறந்துவிட்டார்.

இந்த 12 பேரில் வெள்ளையர்களும் உண்டு. சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மேரி வைட் ஓவிங்டன் அவர்களில் ஒருவர்.

பெயரே தெரியாதவர்களுக்கு?

இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 2005 ஆகஸ்ட் 30-ல் வெளியான 10 தபால்தலைகள் தனிநபர்களுக்காக வரவில்லை, நிகழ்வுகளுக்காக வந்தன. மான்ட்கோமரி பஸ் புறக்கணிப்பு, லிட்டில் ராக் பள்ளிக்குள் நுழைந்த 9 மாணவர்கள், உணவக கவுன்ட்டரில் உட்கார்ந்து நடத்திய போராட்டம், செல்மா பேரணி, 1965 வாக்குரிமைச் சட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. ஓவியர்களின் படைப்புகளை வைத்தே அவை வடிவமைக்கப்பட்டன. பஸ்ஸில் ஏறாமல் 381 நாள் நடந்தே வேலைக்குப் போன ஆயிரக்கணக்கான மக்களுக்கு, அந்த ஒரு ஸ்டாம்ப்தான் மரியாதை.

அதே 2005-ல்தான் இன்னொரு பழைய கணக்கும் தீர்ந்தது. 1964 ஜூன் 21-ல் மிசிசிப்பியில் ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மேன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற மூன்று இளம் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். வயது 21, 20, 24. எரிக்கப்பட்ட ஒரு கறுப்பினத் தேவாலயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் நடந்த கொலை. உடல்கள் ஒரு மண் அணைக்குள் கிடைத்தது ஆகஸ்ட் 4-ல்தான். இந்தச் சதியில் முக்கியப் பங்கு வகித்த எட்கர் ரே கில்லன் குற்றவாளி என்ற தீர்ப்பு வந்தது சரியாக 41 ஆண்டுகள் கழித்து, 2005 ஜூன் 21-ல். மூவருக்கும் 2014-ல் அதிபரின் சுதந்திரப் பதக்கம் வழங்கப்பட்டது.

முக்கிய ஆண்டுகள் ஒரே பார்வையில்

1802: கறுப்பினத்தவர் தபால் சுமக்கத் தடை
1865: தடை நீக்கம்
1898: போஸ்ட்மாஸ்டர் ஃப்ரேசியர் பேக்கர் கொலை
1940: புக்கர் டி. வாஷிங்டன், முதல் கறுப்பின முகம்
1969: கிங்குக்கு இந்தியாவின் தபால்தலை
1978: ஹேரியட் டப்மன்
1979: மார்ட்டின் லூதர் கிங்
1990: ஐடா பி. வெல்ஸ்
1999: மால்கம் எக்ஸ்
2005: 10 நிகழ்வுகளுக்கு 10 தபால்தலைகள்
2009: 12 பணியாளர்கள்
2013: ரோசா பார்க்ஸ், அவருடைய 100-வது பிறந்தநாளில்
2023: ஜான் லூயிஸ்

ஸ்டாம்ப் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஆகாது. அதற்கு 2013-ஐயே உதாரணமாக எடுத்துக்கலாம்.

அந்த ஆண்டு பிப்ரவரி 4-ல் ரோசா பார்க்ஸ் தபால்தலை வந்தது. ஆகஸ்டில், 1963 வாஷிங்டன் பேரணியின் 50-வது ஆண்டுக்காக இன்னொரு தபால்தலை வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில், ஜூன் 25-ல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1965 வாக்குரிமைச் சட்டத்தின் ஒரு முக்கியப் பிரிவை ரத்து செய்தது. பாகுபாடு காட்டிய வரலாறு உள்ள மாநிலங்கள், தேர்தல் விதிகளை மாற்றும் முன் மத்திய அரசின் அனுமதி வாங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு அதோடு செயலிழந்தது.

செல்மா பாலத்தில் அடி வாங்கியது அந்தச் சட்டத்துக்காகத்தான். 2005-ல் அதே சட்டத்துக்குத் தபால்தலையும் போட்டார்கள். எட்டு வருஷத்தில் சட்டத்தின் பல் பிடுங்கப்பட்டது.

தீர்ப்பு வந்தபோது ஜான் லூயிஸ் நாடாளுமன்றத்தில் இருந்தார். அந்தப் பாதுகாப்பை மீட்க கடைசி வரை முயன்றார். அவர் இறந்த பிறகு, அதற்கான ஒரு மசோதாவுக்கே அவர் பெயர் வைத்தார்கள். அது இன்னும் சட்டமாகவில்லை. அவர் தபால்தலை மட்டும் வந்துவிட்டது.

அந்தத் தபால்தலையில் விலை எண் கிடையாது. 'ஃபாரெவர்' என்று போட்டிருக்கும். தபால் கட்டணம் எவ்வளவு ஏறினாலும், என்றைக்கும் செல்லும் என்று அர்த்தம். ஸ்டாம்ப்புக்கு அந்த உத்தரவாதத்தை அரசு கொடுத்திருக்கிறது. ஓட்டுரிமைக்கும் அதே உத்தரவாதம் வேண்டும் என்பதுதான் அதில் முகமாக இருக்கும் அந்த மனிதர் 50 ஆண்டுகளுக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தது.